மூலக்கூறு மணிக்கு 1,700 கிலோமீட்டர் ஓடுகிறது. கருவாட்டு வாசம் மட்டும் ஏன் நடந்து வருகிறது?

மாடிவீட்டுக்காரி:
மகள் பதினொன்றாம் வகுப்பு. நேற்று இரவு வாயுக்களின் இயக்கவியற் கொள்கைப் பாடத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். அறை வெப்பநிலையில் நைட்ரஜன் மூலக்கூறின் சராசரி வேகம் நொடிக்கு 476 மீட்டர் என்று கணக்குப் போட்டு முடித்தாள். மணிக்கு மாற்றினால் 1,700 கிலோமீட்டருக்கு மேல். நாம் ஏறும் விமானங்கள்கூட அதில் பாதி வேகத்தில்தான் போகின்றன.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டில் கருவாடு வறுக்க ஆரம்பித்தார்கள். எண்ணெயில் போட்ட சத்தம் உடனே கேட்டது. வாசம் வந்து சேர ஒன்றரை நிமிடம் ஆயிற்று. (அவள் கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தாள். பரீட்சைக்கு இந்த அக்கறை இருந்தால் நன்றாக இருக்கும்.) அவர்கள் அடுப்புக்கும் எங்கள் ஜன்னலுக்கும் சுமார் எட்டு மீட்டர். "அந்த வேகத்தில் வந்தால் கண்ணிமைப்பதற்குள் வந்திருக்க வேண்டுமே அம்மா, புத்தகம் பொய் சொல்கிறதா?" என்று கேட்டாள். நான் பி.காம். இங்கே யாராவது விளக்குங்களேன்.

சைக்கிள் பம்ப்:
எளிது. சென்னை தி. நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு நீங்கள் எவ்வளவு வேகமாக ஓட நினைத்தாலும் மாம்பலம் ரயில் நிலையம் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகாதா? அதுதான். வழியெல்லாம் மற்ற மூலக்கூறுகள்.

எதிர்க்கேள்வி:
உவமை கொஞ்சம் இடிக்கிறது. ரங்கநாதன் தெருவில் நாம் மெதுவாக நடக்கிறோம். காற்றில் கூட்டத்தால் மூலக்கூறுகள் மெதுவாவதில்லை, கூட்டத்துக்கு நடுவிலும் சராசரி அதே 476 மீட்டர்தான். குறைவது சராசரி வேகம் இல்லை. ஒவ்வொரு இடியிலும் திசை மாறிப் போகிறது, அவ்வளவுதான்.

பழைய வாத்தியார்:
தாயே, உங்கள் மகளைத் திட்டாதீர்கள். இதே கேள்வியை 1858-இல் பைஸ் பாலட் என்ற டச்சு வானிலை அறிஞர் கேட்டிருக்கிறார், அதுவும் அச்சில்.

கதை இப்படி. ஜெர்மானியரான ருடால்ஃப் கிளாசியஸ் 1857-இல் ஒரு கட்டுரை எழுதினார். வாயு என்பது நாலாபுறமும் பறந்துகொண்டிருக்கும் மூலக்கூறுகளின் கூட்டம், அவை சுவரில் மோதுவதுதான் அழுத்தம் என்பது அதன் அடிப்படை. பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில் ஆக்சிஜனுக்கு நொடிக்கு 461 மீட்டர், நைட்ரஜனுக்கு 492, ஹைட்ரஜனுக்கு 1,844 என்று வேகங்களையும் கொடுத்தார். (இவை இருமடிகளின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்தவை. உங்கள் மகள் போட்டது சாதாரணச் சராசரி, வெப்பநிலையும் வேறு. அதனால்தான் எண் வேறு.)

இதில் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் விஷயம் ஒன்று உண்டு. மூலக்கூறு எவ்வளவு பெரியது, எத்தனை இருக்கிறது, ஒன்றின் நிறை என்ன, இது எதுவும் அன்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் வேகம் வந்துவிட்டது! எப்படி? அழுத்தம் என்பது அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கியதில் மூன்றில் ஒரு பங்கு. அழுத்தத்தைப் பாரமானி சொல்லும். அடர்த்தியைத் தராசு சொல்லும். உங்கள் மகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு லட்சத்து ஆயிரத்து சொச்சம் பாஸ்கலை மூன்றால் பெருக்கி, கனமீட்டருக்கு 1.2 கிலோ என்ற காற்றின் அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 503 வரும். வீட்டில் உட்கார்ந்தபடி மூலக்கூறின் வேகத்தை அளந்தாயிற்று.

பைஸ் பாலட் இதைத்தான் மடக்கினார். அவ்வளவு வேகம் என்றால் அறைக்குள் புகையிலைப் புகை ஏன் அசையாத அடுக்காக அந்தரத்தில் நிற்கிறது என்று கேட்டார். கிளாசியஸ் 1858-லேயே பதில் எழுதினார். மூலக்கூறு நேர்கோட்டில் நெடுந்தூரம் போவதில்லை. ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே கொஞ்ச தூரம்தான் போகிறது. பாடப்புத்தகத்தில் 'சராசரி மோதலிடைத் தூரம்' என்று வருகிறதே, அது இந்தச் சண்டையில் பிறந்த குழந்தை.

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் அந்தத் தூரம் சுமார் 67 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நொடிக்கு 700 கோடி முறை மோதுகிறது. கருவாட்டு வாசம் ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டதன் காரணம் இதுதான்.

பாய்லர் ரூம்:
வாத்தியார் ஐயா சொன்ன வரலாறு சரி. ஆனால் கடைசி வரியை ஒப்புக்கொள்ள மாட்டேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மீன் வாடைக்கு முக்கியக் காரணம் டிரைமெத்தில் அமின். அறை வெப்பநிலையில் அதன் சராசரி வேகம் நொடிக்கு சுமார் 330 மீட்டர். அது காற்றில் விரவும் (மோதி மோதித் தானே பரவும்) விகிதத்தை, தோராயமாக, நொடிக்கு 0.1 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இப்படித் தடுமாறி நடப்பவன் எவ்வளவு தூரம் விலகுவான் என்பது நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம். அப்படியென்றால்:

ஒரு நொடியில் அரை சென்டிமீட்டர்கூட இல்லை. (330 மீட்டர் ஓடி, கிளம்பிய இடத்திலிருந்து அரை சென்டிமீட்டர்!) ஒரு மணி நேரத்தில் 27 சென்டிமீட்டர். ஒரு நாளில் 1.3 மீட்டர். எட்டு மீட்டருக்கு 37 நாள்.

ஆக, இன்று வறுத்த கருவாட்டின் வாசம் விரவல் ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் அடுத்த மாதம்தான் மாடிக்கு வரும். ஒன்றரை நிமிடத்தில் வந்திருக்கிறது என்றால் அது தானாக வரவில்லை, தூக்கிக்கொண்டு வரப்பட்டிருக்கிறது. அடுப்புச் சூட்டில் காற்று மேலே கிளம்புகிறது, ஜன்னல் வழியாக இழுபடுகிறது. நமக்குக் காற்று வீசுவதாகவே தெரியாத அளவுக்கு, நொடிக்கு பத்து சென்டிமீட்டர் நகர்ந்தாலும் எட்டு மீட்டருக்கு 80 நொடி. உங்கள் மகளின் ஒன்றரை நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா?

மாடிவீட்டுக்காரி:
37 நாளா! அப்படியானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து "அறையின் மூலையில் வாசனைத் திரவியத்தைத் திறந்தால் விரவல் மூலம் பரவுகிறது" என்று எழுதி மதிப்பெண் வாங்கியதெல்லாம்?

பாய்லர் ரூம்:
மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஆனால் அந்த உதாரணம் தப்பு. உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அறை அளவுக்கு வேலை செய்வது காற்றோட்டம். விரவலின் ராஜ்ஜியம் மில்லிமீட்டர் அளவில். நுரையீரலின் காற்றுப்பை குறுக்கே கால் மில்லிமீட்டர் இருக்கும். அங்கே ஆக்சிஜன் கடைசித் தூரத்தை விரவலால்தான் கடக்கிறது, நொடியில் மிகச் சிறு பங்கில் கடந்தும் விடுகிறது. வர்க்கமூலக் கணக்கு நீண்ட தூரத்துக்குப் போனால் கொல்லும், குறுகிய தூரத்தில் வரம் தரும்.

பழைய வாத்தியார்:
பாய்லர் தம்பி, ஒப்புக்கொள்கிறேன். முப்பது வருடம் வகுப்பில் ஊதுபத்தி கொளுத்தி, "கடைசி பெஞ்ச், வாசனை வந்ததும் கையைத் தூக்கு" என்று விரவல் பாடம் நடத்தியவன் நான். மின்விசிறியை நிறுத்தினால் போதும், காற்று அசையாமல் நிற்கும் என்று நினைத்துவிட்டேன். நாற்பது பையன்களின் உடம்புச் சூடே வகுப்பறைக் காற்றைக் கிளறிவிடும் என்று தோன்றவில்லை.

இன்னொன்றும் இப்போது உறைக்கிறது. புகை என்பது மூலக்கூறு இல்லை. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் சேர்ந்த துகள். அது மூலக்கூறைவிடப் பல மடங்கு மெதுவாக விரவும். ஆக பைஸ் பாலட் காட்டிய உதாரணமும் பொருத்தமானது இல்லை, நான் காட்டியதும் இல்லை. ஆனாலும் அந்தப் பொருத்தமற்ற கேள்விதான் சரியான கருத்தை வெளியே இழுத்தது.

பனங்காய்:
யாழ்ப்பாணத்திலிருந்து. கணக்குக்காக எளிமையாக்கிய வாயுவுக்கு நாங்கள் படித்த பெயர் 'இலட்சிய வாயு', உங்கள் புத்தகங்களில் 'நல்லியல்பு வாயு'. எங்களுக்கு 'அமுக்கம்', உங்களுக்கு 'அழுத்தம்'. வாசிக்கும்போது ஒரு நொடி தடக்குப்படுகிறது, பரவாயில்லை.

அக்காவின் பதிவில் ஒரு விசயத்தை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். சத்தம் உடனே கேட்டது என்று எழுதியிருக்கிறார். அந்தச் சத்தமும் இதே மூலக்கூறுகளின் வழியாகத்தானே வந்தது? 27 பாகையில் ஒலியின் வேகம் 347 மீற்றர். மூலக்கூற்று வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். அது தற்செயல் இல்லை. ஒலியைச் சுமப்பவர்கள் மூலக்கூறுகள் என்றால் அவர்களைவிட வேகமாக அது ஓட முடியாது. ஆனால் ஒலிக்கு எந்த மூலக்கூறும் அடுப்படியிலிருந்து மாடி வரைக்கும் வரத் தேவையில்லை. ஒருவர் அடுத்தவரை இடித்துவிட்டு நின்றாலே செய்தி போய்விடும். வாசத்துக்கு ஆளே நேரில் வர வேண்டும்.

மாடிவீட்டுக்காரி:
"ஆளே நேரில் வர வேண்டும்" என்பதைப் படித்துவிட்டு மகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நன்றி தம்பி.

எதிர்க்கேள்வி:
சரி, இப்போது என் சந்தேகம். ரொம்ப நாளாக உறுத்துகிறது.

நல்லியல்பு வாயுவுக்குப் புத்தகம் கொடுக்கும் நிபந்தனைகளில் ஒன்று, மூலக்கூறுகள் புள்ளி போன்றவை, அவற்றின் கனஅளவைப் புறக்கணிக்கலாம். அதே பட்டியலில் இன்னொன்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மீட்சியாக (மொத்த இயக்க ஆற்றல் குறையாமல்) மோதிக்கொள்கின்றன. புள்ளியும் புள்ளியும் எப்படி மோதும்? அளவே இல்லாத இரண்டு பொருள்கள் நேருக்கு நேர் சந்திக்கும் வாய்ப்பு பூஜ்யம். மோதலிடைத் தூரம் முடிவிலி. பிறகு எங்கிருந்து 67 நானோமீட்டர் வந்தது? ஒரே பக்கத்தில் இரண்டு முரணான வாக்கியம். எங்கள் கல்லூரியில் கேட்டேன், "பரீட்சைக்கு வராது, விடு" என்றார்கள்.

சைக்கிள் பம்ப்:
வராதுதான் 😄

அது போகட்டும், என் தொழில் கேள்வி ஒன்று. காலையில் 27 டிகிரியில் டயரில் 32 பவுண்டு காற்று. மதியம் ஓடி ஓடி 57 டிகிரி. கெல்வினில் 300-லிருந்து 330, பத்து சதவீதம் கூடுதல், ஆக 35 பவுண்டு. ஆனால் கேஜ் 36-க்கு மேல் காட்டுகிறது. ஏன்?

பாய்லர் ரூம்:
கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். டயருக்குள் உண்மையில் இருப்பது 32-உம் வெளிக்காற்றின் 14.7-உம் சேர்த்து 46.7. அதற்குப் பத்து சதவீதம் கூட்டினால் 51.4. மறுபடி 14.7-ஐக் கழித்தால் 36.7. டயர் கொஞ்சம் விரியும் என்பதால் அதைவிட இம்மியளவு குறையலாம். இதற்கு மேல் டயர் பேச்சு வேண்டுமானால் தனி இழை போடுங்கள். எதிர்க்கேள்வி கேட்டதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி.

பதில் இதோ. புறக்கணிப்பது எதோடு ஒப்பிட்டு என்பதைப் பொறுத்தது. 0.37 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு மூலக்கூறை எலுமிச்சம்பழம் அளவுக்கு, நான்கு சென்டிமீட்டருக்குப் பெரிதாக்குங்கள். எல்லாவற்றையும் அதே விகிதத்தில் ஊதிவிடுங்கள். அப்போது ஒரு பழத்துக்கும் அடுத்த பழத்துக்கும் சராசரி இடைவெளி சுமார் 37 சென்டிமீட்டர், ஒன்றேகால் அடி. அந்தரத்தில் ஒன்றேகால் அடிக்கு ஓர் எலுமிச்சம்பழம் தொங்கும் கல்யாண மண்டபத்தைக் கற்பனை செய்யுங்கள். மண்டபத்தின் மொத்த இடத்தில் பழங்கள் அடைத்துக்கொள்வது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாப்பாட்டுக்கு எத்தனை பேர் உட்காரலாம் என்று கணக்குப் போடும்போது பழங்களை மறந்துவிடலாம். ஆனால் ஒரு பழத்தை எடுத்து நேராக எறியுங்கள். ஏழு மீட்டர் போவதற்குள் எதன் மீதாவது இடிக்கும்.

கனஅளவு விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. மோதல் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. சின்னப் பொருளின் மும்மடி இருமடியைவிட வேகமாகச் சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும். ஆகவே இடத்தை அடைக்காத, ஆனால் மோதிக்கொள்கிற மூலக்கூறு என்பது முரண் இல்லை. 'புள்ளி' என்று எழுதியதுதான் சோம்பேறித்தனம்.

இன்னொரு விஷயம். சுவரில் விழும் அழுத்தத்தைக் கணக்கிட மூலக்கூறுகள் தங்களுக்குள் மோத வேண்டிய அவசியமே இல்லை. சுவரோடு மோதினால் போதும். அவர்களுக்குள் நடக்கும் மோதல் வேறு வேலைக்கு. ஒரு மூலையைச் சூடாக்கினால் அந்தச் சூடு எல்லோருக்கும் பங்காகி, வேகங்கள் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் சொன்ன பரவலுக்கு (எந்த வேகத்தில் எத்தனை மூலக்கூறு என்ற பங்கீட்டுக்கு) வந்து நிலைப்பது அதனால்தான்.

எதிர்க்கேள்வி:
மூன்று வருட உறுத்தல் போயிற்று. எலுமிச்சம்பழத்துக்கு நன்றி. ஆனால் விடமாட்டேன். விட்டம் 0.37 நானோமீட்டர் என்று எப்படித் தெரியும்? அதுவும் தராசும் பாரமானியும்தானா?

பழைய வாத்தியார்:
கிட்டத்தட்ட அப்படித்தான். இதை எழுதவே நான் காத்திருந்தேன்.

முதலில் மேக்ஸ்வெல். 1860-இல் வெளியான கட்டுரையில் கிளாசியஸின் கருத்தை எடுத்து, வாயுவின் பாகுநிலையோடு (ஓட்டத்தை இழுத்துப் பிடிக்கும் தன்மையோடு) முடிச்சுப் போட்டார். வேகமாக நகரும் காற்று அடுக்கிலிருந்து மெதுவான அடுக்குக்கு மூலக்கூறுகள் வேகத்தைச் சுமந்து செல்கின்றன, அந்தப் பரிமாற்றம்தான் பாகுநிலை. அப்படியென்றால் பாகுநிலையை அளந்தால் மோதலிடைத் தூரம் தெரியும். அவருக்குக் கிடைத்தது ஓர் அங்குலத்தில் 4,47,000-இல் ஒரு பங்கு, அதாவது 57 நானோமீட்டர். நொடிக்கு 807 கோடி மோதல். இன்றைய எண்களுக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்.

அந்தக் கணக்கிலிருந்து அவரே நம்பமுடியாத ஒரு முடிவும் வந்தது. காற்றை நீக்கி அடர்த்தியைப் பாதியாக்கினாலும் பாகுநிலை குறையாது! சுமப்பவர்கள் பாதியாகிறார்கள். ஆனால் இடையில் மோதல் குறைவதால் ஒவ்வொருவரும் இரண்டு மடங்கு தூரத்திலிருந்து சுமந்து வருகிறார்கள். இரண்டும் கழிந்துவிடுகின்றன. காற்று மெலிந்தால் இழுவையும் குறையும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? கொள்கை தப்பு என்று காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மேக்ஸ்வெல்லும் மனைவி கேத்தரினும் லண்டனில் தங்கள் வீட்டு மாடியறையிலேயே கருவி அமைத்தார்கள். கம்பியில் தொங்கும் கண்ணாடித் தட்டுகளை முறுக்கி ஆடவிட்டு, காற்றை உறிஞ்சி எடுத்து, ஆட்டம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார்கள். அழுத்தத்தை வெகுவாகக் குறைத்தும் ஆட்டம் அடங்கும் விதம் மாறவில்லை. 1866-இல் முடிவு வெளியானது. அணு என்று ஒன்று இருக்கிறதா என்றே பலர் சந்தேகப்பட்ட காலம் அது.

அடுத்து வியன்னாவில் லோஷ்மிட், 1865. மோதலிடைத் தூரம் கையில் இருக்கிறது. அதில் இரண்டு தெரியாத எண்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் விட்டத்தின் இருமடியும். இன்னொரு சமன்பாடு வேண்டும். அவர் யோசித்தது இது. வாயுவைத் திரவமாக்கினால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். அந்தத் திரவத்தின் கனஅளவு என்பது எண்ணிக்கையையும் விட்டத்தின் மும்மடியையும் பெருக்கியது. பாய்லர் தம்பி சொன்ன அதே இருமடியும் மும்மடியும்தான்! ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் எண்ணிக்கை அடிபட்டுப்போகும், விட்டம் தனியாக நிற்கும்.

அன்று காற்றை யாரும் திரவமாக்கியதே இல்லை. மற்றத் திரவங்களின் அடர்த்தியை வைத்து ஊகித்துக்கொண்டார். கிடைத்த விடை சுமார் ஒரு நானோமீட்டர். உண்மையைப் போல இரண்டரை மடங்கு. அதற்கு முன்னால் மூலக்கூறின் அளவு என்ன என்று கேட்டால் பெரும்பாலோரால் ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. இரண்டரை மடங்கு பிசகு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பனங்காய்:
இவ்வளவையும் ஐரோப்பாவிலேயே வைத்துப் பேசுகிறீர்கள். பம்பாயை மறக்காதீர்கள் ஐயா. ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிலுநர்களுக்குப் பம்பாயில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அங்கிருந்தபடி 1845-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். வெப்பநிலை என்பது மூலக்கூறின் இயக்க ஆற்றல், கலவையில் கனமான மூலக்கூறு மெதுவாகவும் இலேசானது வேகமாகவும் போய் இருவரின் சராசரி ஆற்றலும் சமமாக இருக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. கிளாசியசுக்கு 12 வருடம் முன்பே.

மதிப்பிட்டவர்களில் ஒருவர் "வெறும் பிதற்றல்" என்று எழுதிவிட்டார். சங்கத்தின் வழக்கப்படி கட்டுரையைத் திருப்பியும் தரவில்லை. அவரிடம் வேறு பிரதி இல்லை. 1891-இல் இயற்பியலாளர் ரேலி பிரபு சங்கத்தின் பழைய தாள்களுக்குள் அதைக் கண்டெடுத்து அடுத்த வருடம் அச்சிட்டார். வாட்டர்ஸ்டன் 1883-லேயே காலமாகிவிட்டார், எடின்பரோவில் நடக்கப் போனவர் வீடு திரும்பவில்லை.

எதிர்க்கேள்வி:
பிரதி வைத்துக்கொள்ளாமல் அனுப்பினாரா... கைவலிக்க எழுதிய காலம்.

தெருமுனை டீ:
இழையை இப்போதுதான் பார்த்தேன். கடையில் ஓடுவதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். வீட்டு எரிவாயு சிலிண்டரில் 14.2 கிலோ, உள்ளே இடம் சுமார் 33 லிட்டர். புரொப்பேன், பியூட்டேன் கலவைக்கு மூலக்கூற்று நிறை 52 என்று வைத்தேன். அழுத்தம் 200 வளிமண்டலம் வருகிறது! சமையலறையில் குண்டா வைத்திருக்கிறோம்?

பாய்லர் ரூம்:
பயப்படாதீர்கள். சூத்திரம் சரி, அதைப் போட்ட இடம் தப்பு. சிலிண்டரைக் குலுக்கினால் சளக் சளக் என்று கேட்கிறதே, உள்ளே பெரும்பகுதி திரவம். நல்லியல்பு வாயுச் சமன்பாட்டுக்கு மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் என்பதே தெரியாது. இழுக்காத மூலக்கூறு ஒருநாளும் திரவமாகாது. நிஜமான அழுத்தம் நம் ஊர் வெப்பநிலையில் பத்து வளிமண்டலத்துக்கும் கீழேதான். அதுவும் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதைப் பொறுத்ததில்லை, சூட்டையும் கலவையையும் பொறுத்தது. அதனால்தான் கேஜ் வைத்து "இன்னும் எத்தனை நாள் வரும்" என்று பார்க்க முடியாது, எடை போட வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் நேர்மாறு. உள்ளே முழுக்க வாயு. அழுத்தம் பாதியானால் சரக்கும் ஏறக்குறைய பாதி.

இழுவையையும் மூலக்கூறின் சொந்த இடத்தையும் சேர்த்துச் சமன்பாட்டைத் திருத்தியவர் வான் டெர் வால்ஸ், 1873, லெய்டன் பல்கலைக்கழக ஆய்வேட்டில். அப்போது அவர் பள்ளிக்கூட ஆசிரியர். வாத்தியார் ஐயா காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 1910-இல் நோபல் பரிசு.

அதற்கு ஆதாரமாக இருந்தது பெல்ஃபாஸ்டில் ஆண்ட்ரூஸ் கார்பன் டை ஆக்சைடை வைத்துச் செய்த சோதனை, 1869. 31 டிகிரிக்கு மேல் போனால் எவ்வளவு நசுக்கினாலும் அது திரவமாகப் பிரிவதில்லை. திரவம் எது, வாயு எது என்று கோடு போட முடியாத ஒரே பொருளாகிவிடுகிறது. பெல்ஃபாஸ்ட் குளிரில் அவர் கண்ணாடிக் குழாயைச் சூடுபடுத்தித்தான் பார்த்திருப்பார். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. எங்கள் ஆலையில் சுவரில் மாட்டியிருக்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான்கள் சித்திரை மாதம் தினமும் காலையில் திரவமும் வாயுவுமாக இருந்து, மதியம் அந்த 31 டிகிரியைத் தாண்டிவிட்டு, ராத்திரி திரும்பி வருகின்றன. அந்த வகைத் தீயணைப்பானிலும் கேஜ் இருக்காது, கவனித்திருக்கிறீர்களா? அதையும் எடை போட்டுத்தான் பார்ப்போம்.

தெருமுனை டீ:
நிம்மதி. நாளைக்கு டீ போடலாம்.

மாடிவீட்டுக்காரி:
மூன்று நாள் கழித்து வருகிறேன். மகள் சும்மா இருக்கவில்லை. மின்விசிறியை நிறுத்தி, கதவு ஜன்னலைச் சாத்தி, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கூடத்தின் நடுவில் வைத்தாள். வாத்தியார் ஐயா செய்த அதே சோதனைதான், ஆனால் இந்த முறை மூக்கை விட்டுவிட்டுப் புகையைப் பார்த்தாள். ஓர் அடி வரை கோடு போட்டதுபோல நேரே ஏறியது. அப்புறம் சுருண்டு உடைந்து, சாமி அலமாரிப் பக்கமாகச் சாய்ந்து போனது. காற்றே இல்லை என்று நாங்கள் நினைத்த கூடத்தில்! நான் பக்கத்தில் போய் நின்றால் புகை என்னை உரசியபடி மேலே ஏறுகிறது. என் உடம்புச் சூடாம்.

அப்படியே ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகச் சுற்றி, கீழ்வீட்டு வாசம் எந்த வழியாக வருகிறது என்றும் கண்டுபிடித்துவிட்டாள். நான் சந்தேகப்பட்ட பெரிய ஜன்னல் இல்லை. குளியலறை வென்டிலேட்டர். அட்டை வைத்து அடைத்தோம். நேற்று அவர்கள் மறுபடி வறுத்தபோது ஒன்றரை நிமிடம் போய், ஏழு நிமிடம் ஆயிற்று.

பாய்லர் ரூம்:
37 நாளுக்கு இன்னும் நிறைய தூரம் இருக்கிறது. வாசற்கதவின் கீழ் இடுக்கைப் பாருங்கள்.

மாடிவீட்டுக்காரி:
பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அட்டை வைத்ததைக் கீழ்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, மனம் சங்கடப்பட்டு, ஒரு கிண்ணம் நெத்திலி வறுவல் கொடுத்தனுப்பினார். மகள் அட்டையை எடுத்துவிட்டாள்.